வெள்ளை வயர்

லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், ஹெல்மெட்கூட வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னதால்தான் அந்த பேட்டரி சைக்கிளை வாங்கினேன். அவர் பொய் சொல்லவில்லை. மோட்டார் சின்னதாக இருந்து, வேகமும் மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் நின்றுகொண்டால் சட்டத்தின் கண்ணில் அது சைக்கிள்தான். அதைத் தாண்டினால் மோட்டார் வாகனம். இந்தப் பாதியை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்போது சிலமலையில் இருந்தோம். போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் எனக்கு வேலை. மலையிலிருந்து வரும் காயைத் தரையில் குவித்துப் பெரியது, சிறியது, வெடித்தது என்று பிரிப்போம். காலையில் பஸ்சில் கால் வைக்க இடம் இருக்காது. பிந்திப் போனால் அன்றைக்கு நல்ல காய் கிடைக்காது. கடைசிக் குவியலைத்தான் தள்ளிவிடுவார்கள். சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் தேவலை என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் டிரைவர். சொந்த வண்டி கிடையாது, நிரந்தரமாக ஒரு முதலாளியும் கிடையாது. எந்த ஜீப்புக்கு ஆள் வராவிட்டாலும் கூப்பிடுவார்கள், ஓட்டிக்கொண்டு மலைமேல் இருக்கிற மேட்டுக்குப் போவார். எனக்கு மொபெட் ஓட்டக் கற்றுத்தருகிறேன் என்று ஒரு தடவை பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப் போனார். லைசென்ஸ் வாங்க எட்டுப் போட வேண்டும் என்று சொல்லி, சுண்ணாம்பால் தரையில் ஒரு எட்டு வரைந்தார். முதல் வளைவிலேயே விழுந்தேன். அவர் கூட்டிவந்திருந்த கூட்டாளிகள் கைதட்டினார்கள். சேலையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டு எழுந்தபோது அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லித்தரவில்லை.

அதனால்தான் பேட்டரி சைக்கிள். என் சம்பளத்தில் வாங்கினேன். முதல் வாரம் பஸ்சைவிட முன்னாலேயே கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். நல்ல காய் கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய கூட்டாளி வீட்டுக்கு வந்தார். அவரும் டிரைவர்தான். ஆனால் பெரிய முதலாளி ஒருவரிடம் நிரந்தரமாகத் தொழிலாளர் ஜீப் ஓட்டுபவர். தோட்டத்து வேலைக்குப் பெண்களைக் காலையில் மேலே ஏற்றிப் போய் சாயங்காலம் இறக்கிவிடுவது அவர் சோலி. இரண்டு பேரும் என் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"எருமை இதவிட வெரசாப் போகும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"வேகத்த அடக்கி வச்சுருப்பான் மாப்ளே. ஒரு வயர்ல இருக்கு எல்லாம்" என்றார் கூட்டாளி.

போனில் ஒரு வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். சீட்டுக்கு அடியில் இருந்த கறுப்புப் பெட்டியைக் கழற்றினார்கள். உள்ளே வயர்கள் கற்றையாக இருந்தன. அதில் ஒரு வெள்ளை வயரை என் வீட்டுக்காரர் விரலால் தனியாக எடுத்தார்.

"கம்பெனிக்காரன் வச்சத ஏங்க வெட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"பொம்பளைக ஓட்டுறதுக்குன்னு வச்சது இது" என்று சொல்லிவிட்டு கட்டிங் பிளேயரால் நறுக்கினார்.

முதலில் கூட்டாளிதான் ஓட்டிப் பார்த்தார். ராசிங்காபுரம் ரோட்டில் போய்த் திரும்பி வந்து, "பறக்குது மாப்ளே" என்றார். அப்புறம் என்னை ஓட்டச் சொன்னார்கள். முதல் நாள் பயமாக இருந்தது. இரண்டாவது நாள் பிடித்துவிட்டது. அதை மறைக்க வேண்டியதில்லை. காற்று முகத்தில் அடிக்க, வயல்களைத் தாண்டி, நின்று நின்று போகிற பஸ்சையும் தாண்டிப் போவது யாருக்குத்தான் பிடிக்காது. அந்த ஒரு வயர் போனதில் என் சைக்கிள் சைக்கிளாக இல்லாமல் போய்விட்டது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்த இரண்டு பேரும் லைசென்ஸ் வைத்திருக்கும் டிரைவர்கள்.

என் அம்மா முந்தலில் தனியாக இருந்தாள். மேட்டு ரோடு மலையேறத் தொடங்கும் இடம் அது. அவளுக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் தகவல் வந்தது. வேலை முடிந்ததும் மாத்திரை வாங்கிக்கொண்டு போனேன். கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே போடி வழியாக வீட்டுக்குக் கிளம்பினேன். மலையிலிருந்து ஜீப்புகள் இறங்கும் நேரம். எல்லாவற்றிலும் பெண்கள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டும் நிற்பார்கள். அந்த வேகத்தை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஓரமாகத்தான் போனேன்.

ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. அதே நேரம் பின்னால் ஹாரன் சத்தம். எனக்கும் பஸ்சுக்கும் நடுவில் நுழைந்துவிடலாம் என்று ஜீப் நினைத்திருக்கிறது. சாதாரண சைக்கிளாக இருந்திருந்தால் நான் மெதுவாகப் போயிருப்பேன், பஸ் வருவதற்குள் அது என்னைத் தாண்டியிருக்கும். நான் ஜீப்புக்கு ஈடாகப் போய்க்கொண்டிருந்தேன். பிரேக்கைப் பிடித்தேன். நிற்கவில்லை. ஜீப் பஸ்சுக்கு ஒதுங்க என் பக்கம் சாய்ந்து ஹேண்டில்பாரைத் தட்டியது. நான் சைக்கிளோடு அந்த வளைவில் இருந்த பாலத்தின் சுவரில் போய் விழுந்தேன்.

வலது காலின் கீழெலும்பு சேலைக்கு வெளியே தெரிந்தது. தலையின் இடது பக்கம் கல்லில் அடித்து, காது கிழிந்து தொங்கியது. இதெல்லாம் பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது ஒரு துண்டின் வாசனை. ஏலக்காய், வேர்வை, வெற்றிலை எல்லாம் கலந்த வாசனை. ஜீப்பிலிருந்து இறங்கிய ஒரு பெண் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தாள். "கண்ண மூடாத தாயி, என்னப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள் ஜீப்பில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிரைவர் இறங்கி வந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரரின் அதே கூட்டாளி. போனை எடுத்தார். ஆம்புலன்சுக்கு அல்ல.

"மாப்ளே, ஒன் வீட்டுக்காரிதான்டா. வெரசா வா. வேற எவனுக்கும் சொல்லாத."

ஆம்புலன்சைக் கூப்பிட்டது பஸ் கண்டக்டர்.

தேனி ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்தார்கள். காதைத் தைத்தார்கள். தையல் நன்றாகத்தான் பிடித்தது, ஆனால் அதில் கேட்கவில்லை. உள்ளே அடிபட்டிருக்கிறது, இனி கேட்காது என்று டாக்டர் என் வீட்டுக்காரரிடம் சொல்ல, அவர் என்னிடம் சொல்லவில்லை. அந்தப் பக்கமாக நின்று பேசிய நர்சின் வாய் மட்டும் அசைவதைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

எஸ்.ஐ. வந்தபோது என் வீட்டுக்காரர் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். எஸ்.ஐ. முதலில் கேட்டது ஜீப்பைப் பற்றி அல்ல.

"சைக்கிள்ல வயர வெட்டிருக்குன்னு ஜீப் டிரைவர் சொல்றான். செக் பண்ணுனோம், வெட்டித்தான் இருக்கு. யாரு வெட்டுனது?"

வெட்டும்போது பக்கத்தில் நின்றவர், முதலில் ஓட்டிப் பார்த்தவர், அதையே போலீசில் போய்ச் சொல்லியிருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் பேசினார்.

"எனக்குத் தெரியாது சார். இவதான் போன்ல எதையாச்சும் பாத்துட்டு நோண்டிக்கிட்டே இருப்பா. நான் பாதி நாள் மேட்டுல கெடக்குறவன்."

"சார், அவருதான் வெட்டுனாரு" என்றேன்.

எஸ்.ஐ. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்திருப்பார். "யாரு வெட்டுனா என்ன. ஓட்டுனது நீதான" என்று சொல்லிவிட்டு, எழுதுகிறவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவர்கள் போன பிறகு கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. அவர் கோபப்படவில்லை. ஆரஞ்சை உரித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"நான் டிரைவரு. என் பேரு கேசுல வந்துச்சுன்னா எவன் எனக்கு வண்டி குடுப்பான்? ஒனக்குக் கால்தான போச்சு. ஒக்காந்துதான காய் பிரிக்கிற."

உரித்த ஆரஞ்சை அவரே தின்றார்.

வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கியதும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். வண்டிகளைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் அன்றைக்கு அங்கே இருந்தார். வளாகத்தின் மூலையில், மணல் லாரிகளுக்கு நடுவே என் சைக்கிள் வளைந்து கிடந்தது. அவர் அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறந்து, அறுந்த இரண்டு நுனிகளையும் எனக்குக் காட்டினார். குரலில் திட்டும் இல்லை, இரக்கமும் இல்லை.

"இந்த பிரேக்க பாருங்க. சைக்கிள் பிரேக்கு. இருவத்தஞ்சுல போனா நிப்பாட்டும். நீங்க போன வேகத்துல ரப்பர் தேயுமே ஒழிய நிக்காது. வயர வெட்டுன அன்னைக்கே இது மோட்டார் வண்டி ஆயிருச்சு. ரிஜிஸ்ட்ரேஷன் வேணும், இன்சூரன்ஸ் வேணும், லைசென்ஸ் வேணும், தலையில ஹெல்மெட் வேணும். ஒங்ககிட்ட எதுவும் இல்ல."

"வளைவுல முந்துனது அவன் சார்."

"அது தனி கேசு. அதுக்கு சாட்சி இருக்கா பாருங்க."

ஒரு ஜீப் நிறையச் சாட்சி இருந்தது. என் தலையைப் பிடித்திருந்த பெண் யார் என்று அம்மா முந்தலில் விசாரித்துப் பிடித்தாள். நான் அம்மா வீட்டில் படுத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வந்தாள். ரொட்டியும் பழமும் வாங்கிவந்திருந்தாள். என் இடது பக்கமாக உட்கார்ந்தாள். கேட்கவில்லை என்றதும் எழுந்து இந்தப் பக்கம் வந்தாள்.

"எல்லாத்தையும் பாத்தேன் தாயி. பஸ்சு வருதுன்னு நாங்க கத்துனோம். அவன் காதுல வாங்கல."

"அத கோர்ட்டுல சொல்லுவீங்களாக்கா?"

அவள் பழத்தோலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "சாட்சி சொல்றவளுக்கு ஜீப்புல எடம் கெடையாதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு. ஜீப்பு இல்லாம நான் மேட்டுக்கு எப்பிடிப் போவேன்? பஸ்சுல போனா நேரமாயிரும், தோட்டத்து வாசல்லயே திருப்பி அனுப்பிருவான். என்ன விட்ரு."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"பாத்துட்டுப் போலாம்னுதான்."

போகும்போது வாசலில் நின்று, அந்தத் துண்டு இருக்கிறதா என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் வீசிவிட்டார்கள் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

கோர்ட்டில் என் வழக்கு சீக்கிரம் முடிந்தது. லைசென்ஸ் இல்லை, பதிவு இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, ஹெல்மெட் இல்லை. உண்மைதானா என்று கேட்டார்கள். உண்மைதான் என்றேன். அபராதம் கட்டினேன். ஜீப் வழக்கு மட்டும் வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக இழுத்தது. கடைசியில் நான் கூண்டில் ஏறிய நாளில் அவர்கள் பக்கத்து வக்கீல் மரியாதையாகவே கேட்டார்.

"பின்னால வந்த வண்டிய நீங்க பாத்தீங்களாம்மா?"

"ஹாரன் கேட்டுச்சு."

"பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப அந்த ஜீப்புதான் தட்டுச்சுன்னு எப்பிடிச் சொல்றீங்க? விழுந்த ஒங்களப் பாத்து வண்டிய நிப்பாட்டி எறங்கி வந்தவரு அவரு. அப்பிடித்தான?"

பஸ் டிரைவர், வளைவில் தனக்கு எதுவும் தெரியவில்லை, விழுந்து கிடந்ததைத்தான் பார்த்தேன் என்றார். ஜீப்பில் இருந்த எந்தப் பெண்ணும் வரவில்லை. வழக்கு விழுந்துவிட்டது. வெளியே வேப்பமரத்தடியில் என் வீட்டுக்காரர் அந்தக் கூட்டாளியோடு நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைக்கவுமில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவுமில்லை.

அடுத்த மாதமே கூட்டாளியின் ஜீப் முதலாளி என் வீட்டுக்காரருக்கு ஒரு வண்டி கொடுத்தார். புது வண்டி, நிரந்தர வேலை. சந்தனமும் மாலையும் போட்டு வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். எத்தனை வருஷமாக அவர் ஏங்கிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஆரத்தி எடுக்கச் சொன்னார்.

"எங்கால வித்து வாங்குன வண்டி. நீங்களே எடுத்துக்கங்க" என்றேன்.

"கால் போனவ வீட்டுல சும்மா இருக்காளேன்னு சோறு போடுறேன்ல. அத நெனச்சுப் பேசு" என்றார், அக்கம்பக்கத்தார் நடுவில்.

அன்றைக்கே முந்தலுக்கு வந்துவிட்டேன். அம்மா கதவைத் திறந்ததும் கேட்டது, "அங்கனயே பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துருக்கலாம்ல ஆத்தா?" என்றுதான். உள்ளே போய்ப் படுத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து சைக்கிளைத் திருப்பி வாங்கலாம் என்று ஸ்டேஷனுக்குப் போனேன். பேட்டரியையாவது விற்கலாமே என்று ஒரு நினைப்பு. வண்டியை எடுக்க ஆர்.சி. புத்தகம் காட்ட வேண்டும் என்றார் ரைட்டர். இதற்கு ஏது ஆர்.சி., இது சைக்கிளாகத்தானே வந்தது என்றேன். இது மோட்டார் வண்டி என்று கோர்ட்டிலேயே முடிவாகிவிட்டதே என்றார். அப்படியென்றால் ஆர்.சி. போட்டுக்கொண்டு வருகிறேன் என்று ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். சைக்கிளுக்கெல்லாம் ஆர்.சி. போட முடியாது என்றார்கள். இரண்டு இடத்துக்கும் கால் நொண்டி நொண்டி மறுபடியும் போனேன். இரண்டு இடத்திலும் அதையே சொன்னார்கள். போலீஸ் வளாகத்தில் அதன் மேல் பாகற்கொடி ஏறிவிட்டது. காய்கூடக் காய்த்திருந்தது.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரை போனதில் ஒன்று செய்தேன். பழகுநர் லைசென்சுக்கு எழுதிப் போட்டேன். பக்கத்து வீட்டு மொபெட்டை இரவல் வாங்கி, முந்தல் செக்போஸ்ட் பக்கத்து வெறும் மண்ணில் அம்மாவின் கோலமாவால் எட்டு வரைந்து ஓட்டினேன். கம்பி வைத்த காலை ஊன்ற முடியாமல் பல தடவை விழுந்தேன். ஊன்றவே கூடாது, ஊன்றினால்தான் விழுகிறேன் என்று புரிந்தபோது எட்டு வந்துவிட்டது. டெஸ்ட் எடுத்தது அதே பிரேக் இன்ஸ்பெக்டர். நொண்டிக்கொண்டு வந்தவளை அடையாளம் தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். டாக்டர் சர்டிபிகேட்டை இரண்டு தடவை படித்தார். நான் எட்டுப் போட்டு முடித்து நின்றபோது வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்து ஓட்டச் சொன்னார்.

"ஒங்களுக்கு ஒரு காது இல்ல. பின்னால வர்றத அதுலதான் கேக்கணும்."

கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

பழைய மொபெட் ஒன்று வாங்கினேன். புத்தகம், இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். இப்போது முந்தலிலிருந்து போடி கடைக்கு அதில்தான் போய்வருகிறேன். ஹெல்மெட் போடும்போது தையல் போட்ட காது மடங்கி வலிக்கும். கடைக்குப் போய் ஹெல்மெட்டைக் கழற்றினால் மற்ற பெண்கள் "பிரேக் இன்ஸ்பெக்டரம்மா வந்துட்டாக" என்பார்கள். முன்பு ஒருத்தி ஸ்டாண்டை எடுக்க மறந்து வண்டியில் கிளம்பியதைச் சொன்னதற்காக வைத்த பேர் அது. காலையில் என் வீட்டுக்காரரின் ஜீப் எதிரே வந்து என்னைத் தாண்டி மேலே போகும். உள்ளே இருப்பவர்களில் என் காதைப் பிடித்திருந்த பெண்ணும் ஒருத்தி. அவள் கூடையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வாள்.

போன கோடையில் அம்மாவுக்குக் கண் பரிசோதனை இருந்தது. போடிக்குக் கூட்டிப் போக வேண்டும். அவளுக்காக ஒரு ஹெல்மெட் வாங்கி வைத்திருந்தேன். பின்னால் உட்காருகிறவர்களும் போட வேண்டும் என்பது சட்டம். அவள் அதைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறிவிட்டாள், போகும்போதுதான் கண்ணாடியில் பார்த்தேன்.

"மாட்டும்மா."

"சுடுது. மூச்சு முட்டுது. இந்த வயசுல எனக்கு எதுக்குடி?"

வண்டியை நிறுத்தினேன். நான் விழுந்த பாலத்தைத் தாண்டிய இடம். நிழல் கிடையாது.

"மாட்டு. இல்லன்னா எறங்கி நட."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். நான் வண்டியைக் கிளப்பவில்லை. அவள் இறங்கி ஹெல்மெட்டை ரோட்டோரத்தில் வைத்துவிட்டு நடந்தாள். நான் அதை எடுத்துக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, அவளுக்குப் பின்னால் மெதுவாக வண்டியை உருட்டினேன். தார் கொதித்தது. அவள் செருப்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது, கால் கோணிக் கோணிப் போனது. ஒரு லாரிக்காரன் நிறுத்தி, "என்னக்கா, கெழவிய நடக்க விட்டு வர்றீங்க" என்று கேட்டான். ஒங்க சோலியப் பாருங்க என்றேன். ஒரு மைல்கல்லில் போய் அவள் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், வேர்வையை மட்டும்தானா என்று நான் பார்க்கவில்லை. கையை நீட்டினாள். ஹெல்மெட்டைக் கொடுத்தேன். தலைகீழாக மாட்டப் பார்த்தாள். நான் திருப்பி மாட்டிவிட்டேன்.

ஹெல்மெட் கண்ணாடிக்கு உள்ளிருந்து என்னைப் பார்த்தாள்.

"ஒனக்கும் ஒம் புருசன் புத்தியே வந்துருச்சுடி" என்றாள்.

நான் மறுக்கவில்லை. தாடைக்குக் கீழே வாரை ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கிவிட்டு, ஏறிக்கொள் என்றேன்.